கொள்ளுத்தாத்தாவின் பெயரைத் தேட: பங்குக் கோயிலா, ஆயர் இல்லமா, இணையமா, பத்திர ஆபீஸா?

அப்பா பெயரும் தாத்தா பெயரும் எல்லாருக்கும் தெரியும். தாத்தாவின் அப்பா பெயரைக் கேட்டால் பெரும்பாலான வீடுகளில் ஒரு பெரியம்மாவைக் கை காட்டுவார்கள். அவருக்கும் தெரியாவிட்டால் தேடல் அதோடு நின்றுவிடும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் அங்கே நின்றுவிட வேண்டியதில்லை. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் சாமியார்கள் தலைமுறை தலைமுறையாக எழுதி வந்திருக்கிறார்கள். அந்தப் புத்தகங்களை எந்த வழியில் பிடிப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

வழிகள் நான்கு: ஊர்ப் பங்குக் கோயிலின் (ஒரு சாமியாரின் பொறுப்பில் இருக்கும் தலைமைக் கோயில்) மூலப் பதிவேடு, ஆயர் (பிஷப்) இல்லத்தில் இருக்கும் அதன் நகலான படி, இணையத்தில் கிடைக்கும் படங்களும் அட்டவணைகளும், கோயிலுக்கு வெளியே பத்திர ஆபீஸ், பள்ளிக்கூடம் போன்ற இடங்கள். எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்த இரண்டு மாவட்டங்களில் வேர் உள்ள குடும்பமானால் முதலில் பங்குக் கோயிலுக்கு நேரில் போங்கள். அங்கேயும் ஞானஸ்நானப் புத்தகத்தைக் கேட்காமல் கல்யாணப் புத்தகத்தைக் கேளுங்கள். மற்ற மூன்றும் அதற்குத் துணை. விதிவிலக்குகளைப் பின்னால் பார்ப்போம்.

வண்டி ஏறுவதற்கு முன்: எந்தப் பங்கு?

இன்று உங்கள் ஊரில் இருக்கும் கோயில் உங்கள் கொள்ளுத்தாத்தா காலத்தில் பங்காக இருந்திருக்காது. கிளைக் கோயிலாகவோ வெறும் செபக்கூடமாகவோ இருந்திருக்கும். அப்படியானால் பதிவு தாய்ப்பங்கின் புத்தகத்தில்தான் இருக்கும். கோவிலூர், எலத்தகிரி போன்ற பழைய கிறிஸ்தவ ஊர்களைச் சுற்றியுள்ள சிற்றூர்களுக்கு இது மிகவும் பொருந்தும். கோயிலின் அடிக்கல், கோபுரத்துக் கல்வெட்டு, வெள்ளிவிழா மலர் ஆகிய மூன்றையும் பாருங்கள். "இந்த ஆண்டில் தனிப் பங்காக உயர்த்தப்பட்டது" என்ற வரி எதிலாவது இருக்கும். அந்த ஆண்டுக்கு முந்தைய எல்லாவற்றுக்கும் தாய்ப்பங்கைத் தேடுங்கள்.

ஓர் ஆயரின் பொறுப்பில் இருக்கும் பகுதியான மறைமாவட்டத்தின் எல்லையும் மாறியிருக்கிறது. தருமபுரி மறைமாவட்டம் 1997-ல் சேலத்திலிருந்து பிரிந்தது. சேலம் மறைமாவட்டம் 1930-ல் புதுச்சேரி, கும்பகோணம், மைசூர் மூன்றிலிருந்தும் பகுதிகளை எடுத்து உருவானது. அதற்கும் முன்னால், 1850-ல்தான் மைசூரும் கோயம்புத்தூரும் புதுச்சேரியிலிருந்து தனியாகப் பிரிந்தன. ஓசூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் மைசூர், பெங்களூர் என்ற திசையையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அரசு ஆவணங்களுக்கும் இதே கதைதான். தருமபுரி மாவட்டம் 1965-ல் சேலத்திலிருந்து பிரிந்தது, கிருஷ்ணகிரி 2004-ல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. 1965-க்கு முந்தைய எந்தக் காகிதத்திலும் "சேலம் ஜில்லா" என்றே இருக்கும்.

ஊர்ப் பெயரில் இன்னொரு சிக்கல் உண்டு. நம் பக்கத்துக் கொட்டாய்கள் (சிறு குடியிருப்புகள்) ஆள் பெயரில் அமைந்தவை. கொட்டாய்க்குப் பெயர் கொடுத்தவர் இறந்து, மகன் பெயர் ஊன்றிவிட்டால் ஊர்ப் பெயரே மாறிவிடும். அதனால் பதிவேட்டில் கொட்டாயின் பெயர் கிடைக்காவிட்டால் அது சேர்ந்திருக்கும் வருவாய்க் கிராமத்தின் பெயரைத் தேடுங்கள். "அள்ளி" என்று முடியும் ஊர்களைக் கன்னட வழக்கில் "ஹள்ளி" என்றும் சிலர் எழுதியிருப்பார்கள். அகர வரிசை அட்டவணையில் இரண்டு இடத்திலும் பாருங்கள்.

பங்குக் கோயில்: ஏன் கல்யாணப் புத்தகம் முதலில்?

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 150 ஞானஸ்நானம் நடக்கும் பெரிய பங்கு என்றால் 40 ஆண்டுக்கு 6,000 பதிவு. பழைய கையெழுத்தில் மணிக்கு 60 பதிவு படிக்கலாம் என்று வைத்தாலும் 100 மணி நேரம் ஆகும். எந்தப் பங்குத் தந்தையும் அவ்வளவு நேரம் அலமாரியைத் திறந்து வைத்திருக்க மாட்டார். அதே பங்கில் ஆண்டுக்கு 30 கல்யாணம் என்றால் 15 ஆண்டுக்கு 450 பதிவுதான், ஒரு நாள் வேலை. தாத்தா 1931-ல் பிறந்தவர், மூன்றாவது பிள்ளை என்று தெரிந்தால் அவருடைய பெற்றோரின் கல்யாணம் ஏறக்குறைய 1912-க்கும் 1928-க்கும் இடையில் நடந்திருக்கும். தேட வேண்டிய இடம் சுருங்கிவிடுகிறது.

விவரமும் கல்யாணப் பதிவில்தான் அதிகம். மாப்பிள்ளை, பெண், இருவருடைய அப்பா அம்மா, இருவரும் எந்தப் பங்கு, சாட்சிகள், ஓலை (கோயிலில் வாசிக்கும் கல்யாண அறிவிப்பு) எத்தனை முறை வாசிக்கப்பட்டது, தடை விலக்கு (ஆயர் தரும் சிறப்பு அனுமதி) உண்டா என்பதெல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். ஒரு பதிவு கிடைத்தால் ஆறு பேரின் பெயர் கையில் கிடைக்கும். பெண்ணின் பங்கு வேறானால் அடுத்து போக வேண்டிய ஊரும் தெரிந்துவிடும். நம் வழக்கத்தில் கல்யாணம் பெரும்பாலும் பெண் வீட்டுப் பங்கில் நடப்பதால், தாத்தாவின் ஊரில் இல்லாத பதிவு பாட்டியின் ஊரில் கிடைக்கும். ஒரு இடத்தில் இல்லை என்றதும் சோர்ந்துவிட வேண்டாம்.

மாப்பிள்ளை, பெண் இருவரின் ஞானஸ்நானத்தைத் தேட அதன் பிறகு போங்கள். கல்யாணத்தில் வயது எழுதியிருந்தால் அதிலிருந்து மூன்று ஆண்டு முன்னும் பின்னும் தேடுங்கள். வயது குத்துமதிப்பாகச் சொன்னதுதான். 20, 25 என்று முழு எண்ணாக இருந்தால் ஐந்து ஆண்டு வரை தளர்த்துங்கள்.

ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தை மறக்காதீர்கள். 1908 ஈஸ்டரில் நடைமுறைக்கு வந்த திருச்சபை ஆணைக்குப் பின், ஒருவர் எங்கே கல்யாணம் செய்தாலும் அந்தச் செய்தியை அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அனுப்பி, பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும். பெரிய தாத்தா ஒருவர் ஊரை விட்டுப் போனவர், எங்கே போனார் என்றே தெரியாது என்றால் அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் பாருங்கள். பொடி எழுத்தில் ஒரு பங்கின் பெயரும் தேதியும் மனைவி பெயரும் இருக்கக்கூடும். கோலார் தங்கவயலுக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போன குடும்பங்களைப் பிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

பக்கத்தைப் படிப்பது

பிரெஞ்சு மிஷன் சாமியார்கள் எழுதிய பழைய பதிவுகள் லத்தீனில் இருக்கும். பயப்பட வேண்டாம், இருபது சொல் தெரிந்தால் போதும். ஒரு மாதிரிப் பதிவு இப்படிப் போகும்: "ஆன்னோ தோமினி 1893, தியே 14 7ப்ரிஸ், எகோ இன்ஃப்ராஸ்கிரிப்துஸ் பாப்திசாவி பேத்ரும், ஹேரி நாத்தும், ஃபீலியும் லெஜித்திமும் யோசேஃபி எத் அன்னே." பொருள்: 1893 செப்டம்பர் 14, கீழே கையெழுத்திட்ட நான், நேற்றுப் பிறந்த, சூசைக்கும் அன்னம்மாளுக்கும் முறைப்படி பிறந்த மகன் இராயப்பனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன்.

இதில் மூன்று கண்ணி இருக்கிறது. முதலாவது, 7ப்ரிஸ் என்றால் ஏழாம் மாதம் அல்ல, செப்டம்பர். லத்தீனில் செப்தெம் என்பது ஏழு. அதே கணக்கில் 8ப்ரிஸ் அக்டோபர், 9ப்ரிஸ் நவம்பர், எக்ஸ்ப்ரிஸ் டிசம்பர். ஜூலை என்று எழுதிக்கொண்டு போய் இரண்டு மாதம் தவறுபவர்கள் ஏராளம். இரண்டாவது, பிரெஞ்சுக் கையெழுத்தில் 1 என்பது நம் 7 மாதிரி தெரியும், 7-க்கு நடுவில் ஒரு கோடு இருக்கும். சந்தேகம் வந்தால் மேலும் கீழும் இருக்கும் தேதிகளோடு ஒப்பிடுங்கள். மூன்றாவது, பெயர். வீட்டில் கூப்பிட்டது ஒன்று, புத்தகத்தில் இருப்பது வேறு. பேத்ருஸ் இராயப்பன், பவுலுஸ் சின்னப்பன், யோவான்னஸ் அருளப்பன், ஸ்தேஃபானுஸ் முடியப்பன், அந்திரேயாஸ் பிலவேந்திரன், அலோய்சியுஸ் ஞானப்பிரகாசம், யாக்கோபுஸ் யாகப்பன் அல்லது சந்தியாகு. சிலர் லத்தீன் பெயரை விட்டுத் தமிழ்ப் பெயரையே பிரெஞ்சு உச்சரிப்பில் எழுதியிருப்பார்கள். அதில் உகரத்துக்கு ஓ, யு (o, u) என இரண்டு எழுத்து வருவதால் சவரிமுத்து நீண்டு கிடக்கும்.

அப்பா பெயர் இந்துப் பெயராக இருந்து, ஞானஸ்நானம் பெற்றவர் வயது வந்தவராக இருந்தால் மனம் மாறிய முதல் தலைமுறையை அடைந்துவிட்டீர்கள். அதற்கு மேல் கோயில் புத்தகம் உதவாது. ஒரு எச்சரிக்கை. 1876-78 தாது வருஷப் பஞ்சம் போன்ற காலங்களில், சாகும் தறுவாயில் இருந்த பிற மதக் குழந்தைகளுக்கும் ஞானஸ்நானம் கொடுத்து எழுதியிருப்பார்கள். "இன் ஆர்த்திக்குலோ மோர்த்திஸ்" என்ற சொற்கள் இருந்தால் மரண ஆபத்தில் கொடுத்தது என்று பொருள். அந்தக் குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம் என்று அதை வைத்து முடிவு கட்டக்கூடாது.

சாட்சிகளிலும் கவனம் வேண்டும். ஒரே பெயர் பக்கத்துக்குப் பக்கம் சாட்சியாக வந்தால் அவர் உறவினர் அல்ல, உபதேசியாராகவோ கோயில்பிள்ளையாகவோ இருப்பார். ஞானத்தகப்பன், ஞானத்தாய் அப்படியல்ல. பெரும்பாலும் தாய்மாமன், அத்தை, பெரியப்பா வகையில்தான் நிற்பார்கள். அந்தப் பெயர்களைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

இனி, இந்தப் புத்தகங்களிலேயே மிக உயர்ந்த சரக்கு: தடை விலக்கு. அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டும் ஊர் நம்முடையது. திருச்சபைக்கு அது தடை, ஆயரிடம் விலக்கு வாங்கினால்தான் கல்யாணம். அதனால் கல்யாணப் பதிவில் "திஸ்பென்சாத்சியோ" என்ற சொல்லும் "கிராது" என்ற சொல்லும் ஒரு எண்ணும் இருக்கும். அந்த எண் உறவின் தூரம். பழைய கணக்கில் பொது முன்னோர் வரை எத்தனை தலைமுறை என்று எண்ணுவார்கள். மாமன் மகன், அத்தை மகள் என்றால் இரண்டாம் தரம்: தாத்தா பாட்டி ஒன்று. மூன்றாம் தரம் என்றால் பூட்டன் பூட்டி ஒன்று. தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் ஒரு பக்கம் ஒன்று, மறு பக்கம் இரண்டு. அதனால் "முதலாம் தரம் தொட்ட இரண்டாம் தரம்" என்று எழுதுவார்கள்.

1983 நவம்பரில் புதிய திருச்சபைச் சட்டம் வந்ததும் கணக்கு மாறியது. இரண்டு பக்கத்துத் தலைமுறைகளையும் கூட்டுகிறார்கள். மாமன் மகள் நான்காம் தரமானாள், அக்காள் மகள் மூன்றாம் தரமானாள். ஆக, "மூன்றாம் தரம்" என்று 1950-ல் எழுதியிருந்தால் தூரத்து உறவு, 1990-ல் எழுதியிருந்தால் தாய்மாமனும் அக்காள் மகளும். ஆண்டைப் பார்க்காமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் குடும்ப மரத்தில் ஒரு தலைமுறையே பிசகிவிடும். சரியாகப் படித்தால், பெயரே எழுதாத ஒரு பொது முன்னோர் எந்தப் படியில் இருக்கிறார் என்று இந்த ஒரு எண் சொல்லிவிடும். கோயிலுக்கு வெளியே இருக்கும் எந்த ஆவணமும் இதைத் தருவதில்லை.

சாவுப் புத்தகம் மெலிந்தது. கைக்குழந்தைகளின் சாவு பல இடங்களில் எழுதப்படவே இல்லை. ஒரே பெயரில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் முதல் பிள்ளை இறந்து, அதே பெயரை அடுத்ததற்கு வைத்தார்களா என்று பார்க்க மட்டும் அதைத் திறந்தால் போதும்.

புத்தகத்தைக் கையாளுவது

பழைய இரும்பு மை காகிதத்தை அரித்துக்கொண்டே இருக்கும். எழுத்து இருக்கும் இடத்திலேயே காகிதம் பொடிந்து விழும். பக்கத்தை மேல் மூலையில் பிடித்துத் திருப்புங்கள், விரலில் எச்சில் வேண்டாம். பேனாவை வெளியே எடுக்காதீர்கள், பென்சில் போதும். கிழிந்ததைப் பார்த்து இரக்கப்பட்டு செல்லோடேப் ஒட்ட வேண்டாம். அதன் பசை பழுத்து எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். லாமினேஷன் அதைவிட மோசம். மங்கிய எழுத்துக்கு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், பேனா அழுத்திய தடம் நிழலாகத் தெரியும்.

போட்டோ எடுக்க அனுமதி கேட்டு, கிடைத்தால் மட்டும் எடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். முதலில் அட்டை, பிறகு விரித்த இரண்டு பக்கமும் முழுதாக, அதன் பின் உங்கள் பதிவு நெருக்கமாக. முழுப் பக்கப் படம் இல்லாவிட்டால் எந்த ஆண்டு, எந்தப் புத்தகம் என்று ஆறு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது. அக்கம்பக்கத்துப் பதிவுகளில் சாதி, முறைதவறிய பிறப்பு போன்ற செய்திகளும் இருக்கும். மற்ற குடும்பத்தின் செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அப்படி ஒருவர் செய்தாலும் அடுத்து வருபவருக்கு அலமாரி திறக்காது.

சான்றிதழ் எழுதித் தருகிறேன் என்று சொன்னால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் மூலத்தையும் பார்க்கக் கேளுங்கள். அச்சடித்த படிவத்தில் இடம் இல்லாத செய்திதான் நமக்கு வேண்டியது.

ஆயர் இல்லம்

1918-ல் நடைமுறைக்கு வந்த திருச்சபைச் சட்டம், பங்குப் புத்தகங்களின் படியை ஆண்டு முடிவில் ஆயரகத்துக்கு அனுப்பச் சொன்னது. பங்கில் கரையான் தின்ற ஆண்டுகளுக்கு இதுதான் மாற்று வழி. குறை என்னவென்றால், ஆண்டு முடிவில் படி எடுத்ததால் பிற்பாடு ஓரத்தில் சேர்த்த கல்யாணக் குறிப்பு அதில் இருக்காது. பார்த்து எழுதியதில் வரும் பிழைகளும் சேரும். மூலம் இருக்கும்போது இங்கே போவது வீண் அலைச்சல். எந்தப் பங்கு என்றே தெரியாதபோதும், மூலம் அழிந்தபோதும் மட்டும் எழுதிக் கேளுங்கள். 1930-க்கு முந்தைய படியானால் சேலம், தருமபுரியைத் தாண்டி அந்தக் காலத்து மறைமாவட்டத்திலும் விசாரிக்க வேண்டும்.

இணையம்

வீட்டில் உட்கார்ந்தே தேடலாம் என்பதால் எல்லாரும் இங்கேதான் தொடங்குகிறார்கள். நம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் மதராஸ் ராஜதானியின் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கப் பதிவுகள் 1698 முதல் இருக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் பற்றியவை. ஓசூர், மத்திகிரிப் பக்கம் ராணுவ வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பமானால் மேலே சொன்ன வரிசையை மாற்றி இணையத்தில் தொடங்குங்கள். ஃபேமிலிசர்ச் என்ற குடும்ப வரலாற்றுத் தளம் இலவசம். அதில் மதராஸ் பேராயத்துப் புராட்டஸ்டன்ட் பதிவுகள் தொகுப்பாக உண்டு. சேலத்தில் 1827 முதல் வேலை செய்த லண்டன் மிஷன் வழிக் குடும்பங்கள் இன்றைய சிஎஸ்ஐ சபைப் புத்தகங்களையும், பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரி ஆவணக் காப்பகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அந்தப் பிரெஞ்சுச் சாமியார்களை அனுப்பிய பாரிஸ் வெளிநாட்டு மிஷன் சபையின் காப்பகத்தில் உங்கள் தாத்தா பெயர் கிடைக்காது. ஆனால் எந்தச் சாமியார் எந்த ஆண்டு எந்தப் பங்கில் இருந்தார் என்ற வாழ்க்கைக் குறிப்பு கிடைக்கும். பதிவேட்டில் கையெழுத்து மட்டும் தெரிந்து ஆண்டு கிழிந்த பக்கத்துக்கு அது உதவும்.

கோயிலுக்கு வெளியே

பிறப்புப் பதிவை நம்பிப் போகிறவர்களுக்கு ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. பழைய கிராமப் பிறப்புப் பதிவில் குழந்தையின் பெயர் பெரும்பாலும் இருக்காது. "ஆண்", "பெண்" என்பதோடு சரி. பெயர் வைப்பதற்கு முன்னரே பதிந்ததுதான் காரணம். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் அப்பா பெயரும் ஊரும் நம்பலாம், பிறந்த தேதியை நம்ப வேண்டாம். ஜூனில் ஐந்து வயது நிறையும்படி போட்ட தேதியாக இருக்கும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தனிநபர் பெயர்ப் பட்டியல் பார்வைக்குக் கிடைக்காது, அந்தப் பக்கம் போக வேண்டாம்.

நிலம் இருந்த குடும்பத்துக்குப் பத்திரம் மட்டும் உண்மையான போட்டி. "இன்னார் மகன் இன்னார்" என்று மூன்று தலைமுறை வரை ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கிடைக்கும். வில்லங்கச் சான்று பல சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975 முதல் இணையத்தில் பார்க்கலாம். அதற்கு முந்தையதற்கு சர்வே எண்ணோடு நேரில் மனுப் போட்டுத் தேட வேண்டும். பத்திரத்தில் பெண்கள் பெயர் அரிது. பாட்டி வழியைத் தேடுகிறவர்களுக்குக் கோயில் புத்தகமே கதி.

நேரில் போக முடியாதவர்களுக்கு

பங்குத் தந்தைக்குக் கடிதம் எழுதுங்கள். ஒரு கடிதத்தில் ஒரே பதிவு கேளுங்கள். ஐந்து கேட்டால் ஒன்றும் வராது. மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், தெரிந்தால் இருவரின் அப்பா பெயர், ஊர், "1912 முதல் 1928 வரை" என்று ஆண்டு எல்லை, உங்களுக்கு அவர் என்ன உறவு, உங்கள் இன்றைய பங்கு, அதன் பங்குத் தந்தையின் பரிந்துரைக் கடிதம். ஓரக் குறிப்பும் தடை விலக்கும் இருந்தால் அப்படியே எழுதித் தரும்படி தனி வரியில் கேளுங்கள். தபால் தலை ஒட்டி உங்கள் முகவரி எழுதிய உறையையும் உள்ளே வையுங்கள். டிசம்பரிலும் தவக்காலத்திலும் போட்ட கடிதம் மேசையிலேயே கிடக்கும். ஜூனில் பள்ளிச் சேர்க்கைக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு வாசலில் ஆள் நிற்கும். ஈஸ்டர் முடிந்து இரண்டாவது வாரமோ, ஜூலையோ பார்த்துப் போடுங்கள்.